தேய்மானம் இல்லாத கால்

கண்டியில் ஏரிக்கரை ஹொக்கிக் கிளப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஆள் குறைவில்லை. சனிக்கிழமை பின்னேரம் போகம்பரை மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பந்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். றீற்றா மிஸி காலைப் பார்த்துச் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே, எலும்போடு தோல் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ஒரு சாண் இடம் அவளுக்குப் போதும்.

யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை பழகியவள். கலியாணம் கட்டிக் கண்டிக்கு வந்தாள். தபாற் கந்தோரில் வேலை பார்த்த புருஷன் 1922ஆம் ஆண்டு நெருப்புக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பதினைந்தாம் நாள், திருகோணமலைத் தெருவில் இருந்த ஒரு டிஸ்பென்சரியில், புண் கட்டும் அறைக்குப் பொறுப்பாக றீற்றா நின்றாள். டாக்டருக்கு வயது போயிருந்தது. புண்ணைப் பார்ப்பதும், கட்டுவதும், எழுதுவதும் அவள். எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் அவர். வாசித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

1924இல் கிளப் தொடங்கியபோது, மைதானத்தில் காயத்துக்குக் கட்டுப்போட ஒரு ஆள் வேண்டுமென்று டாக்டரிடம் வந்து கேட்டார்கள். அவர் பேனாவால் றீற்றாவைக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கோட்டுக்கு வெளியே ஒரு மடக்குக் கதிரை, பக்கத்தில் ஒரு பிஸ்கட் தகரம், அதற்குள் அயடின், பஞ்சு, கட்டுத்துணி. முதல் வருஷம் அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கையில் பின்னல் வைத்திருந்தாள். ஆள் நொண்டிக்கொண்டு வந்தால் கட்டினாள், போனால் பின்னினாள்.

இரண்டாம் வருஷம்தான் ஒன்று கண்ணில் பட்டது. எந்த நாளும் அதே நாலைந்து பேர்தான் வந்தார்கள். மிச்சப் பேர் ஒருநாளும் வரவில்லை. ஏனென்று பார்க்கப் பின்னலைக் கீழே வைத்தவள் பிறகு அதை எடுக்கவே இல்லை. பந்து வருகிற பாதையில் போய் நிற்கிறவனுக்குக் காயம் வந்தது. பந்து போன பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுடைய கால் கலியாண மாப்பிள்ளையின் கால் மாதிரி இருந்தது. இதைக் கண்டுபிடித்த நாள் தொடக்கம் ஆட்டம் அவளுக்குப் பைத்தியமாகிவிட்டது.

காயம் பட்டவர்களில் முதலாவது ஆள் தாஸிம். ஊர் கம்பளை. கண்டியில் மாமாவின் இரும்புக் கடையில் வேலை. தினமும் றெயிலில் வந்து போவான். கிளப் தொடங்கியபோது அவனுக்குப் பதினெட்டு வயது. சென்டர் ஹாப் என்று நடுவில் நிற்கிற இடம் அவனுடையது. எதிர்ப்பக்கத்தின் பந்தெல்லாம் அந்த வழியால்தான் வர வேண்டும்; வந்தால் அவனுடைய காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"காலுக்குக் காப்பு மட்டை கட்டச் சொல்லி எத்தனை தரம் சொன்னனான்?" என்பாள் றீற்றா, அயடினை ஊற்றிக்கொண்டே.

"கட்டினா ஓட ஏலாது மிஸி. ஆ... அல்லாஹ்! மெதுவா!"

"மெதுவாப் போட்டால் புண்ணும் மெதுவாத்தான் மாறும். காலை ஆட்டாதையும்."

எட்டு வருஷம் கிளப் சுமாராக ஓடியது. 1932இல் நவரட்ணராஜா என்ற புரொக்டர், கோர்ட்டு வழக்கறிஞர், தலைவரானார். அந்த வருஷம் இந்தியாவிலிருந்து வந்த ஒரு அணியின் ஆட்டத்தைக் கொழும்பில் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு பின்னேர ஆட்டம், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஒரு புதுத் தொப்பியும் ஹொக்கியைப் பற்றிய பூரண ஞானமும் அவரிடம் இருந்தன.

மைதானத்துக்கு அனுமதி அவருடைய பெயரில். கூடாரம் அவருடையது. மட்டைகளும் பந்துகளும் அவருடைய வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. திறப்பு அவருடைய சட்டைப் பையில். அவர் யாழ்ப்பாணம் போனால் திறப்பும் யாழ்ப்பாணம் போகும். ஒரு ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழா முடியும்வரை கிளப் பயிற்சியே இல்லாமல் கிடந்தது. ஆட்டக்காரர்கள் மரக்கொம்பை வெட்டி எலுமிச்சங்காயை அடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆள் தெரிவு செய்வதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வருஷத் தொடக்கத்தில் குழுப் படம் எடுப்பார். படத்தில் வடிவாக விழுகிறவர்கள் அணியில் விழுவார்கள். கோட்டு வைத்திருக்கிறவன் முன் வரிசை. உயரமானவன் சென்டர். இங்கிலீஷ் பேசுகிறவன் உபதலைவர். தன் மனைவியின் தம்பி தம்பிராஜாவை 1934இல் கொண்டுவந்து இறக்கினார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஆறடி உயரம், நடுவகிடு, வெள்ளைக் காலுறை. ஆட்டம் முடிந்து வரும்போதும் அந்தக் காலுறை வெள்ளையாகவே இருந்தது. மழை நாளில்கூட அப்படி இருந்தது எப்படி என்பது றீற்றாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"ஆள் வந்து நிக்கிறதப் பாத்தா அணியே அவர்ட சொத்து மாதிரி," என்பான் கோல் காவலன் முஹ்ஸின். பேக்கரிக்காரன். விடிய மாப் பிசைந்துவிட்டுப் பின்னேரம் கோலுக்குள் நிற்பான். "பந்து வந்தா மட்டும் வழி விடுவார். அவ்வளவு மரியாத."

1935இல் கிளப் லீக்கில் கடைசி. 1936இலும் கடைசி. மூன்று வருஷம் தொடர்ந்து கடைசியாக வந்தால் லீக்கிலிருந்து நீக்குவது சட்டம். 1937இல் ஒரேயொரு ஆட்டம் மிச்சமாக நின்றது, கம்பளையோடு. சமப்படுத்தினாலும் போதும், பிழைத்துக்கொள்ளலாம். தோற்றால் பதின்மூன்று வருஷத்துக் கிளப் முடிந்தது. றீற்றா அந்த மாதம் கோயில் பூசையில்கூட ஜெபத்தை விட்டுவிட்டு, யாரை எங்கே நிறுத்துவதென்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் நவரட்ணராஜா டிஸ்பென்சரிக்கு வந்தார்.

"மிஸி, தாஸிமின்ர கால் உங்களுக்குத் தெரியும்தானே. பழுதாப் போச்சு."

"ஆர் சொன்னது?"

"பார்க்கவே தெரியுது. முழுக்கத் தழும்பு. படத்திலையும் வடிவில்லை."

"கால் படம் எடுக்கிறதுக்கோ வைச்சிருக்கிறது?"

அவர் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். தொடக்க வருஷத்து ஆட்டக்காரன் ஒருவனை நீக்குவதென்றால், ஆட ஏலாதென்று டாக்டரின் கடிதம் வேண்டும். அதைக் கமிட்டியில் சத்தமாக வாசிக்க வேண்டும். கிளப் தொடங்கியவர்கள் எழுதிவைத்த சட்டம் அது. "டாக்டரிட்டை ஒரு துண்டு எடுத்துத் தாருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"அந்த இடத்துக்கு ஆரைப் போடப் போறியள்?"

"தம்பிராஜாவை. ஆள் உயரம். கம்பளையார் பயந்துபோவினம்."

றீற்றா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"துண்டு தாறன். ரெண்டு துண்டாத் தாறன்."

"ரெண்டெண்டால் இன்னும் விசேஷம்," என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த பயிற்சி நாளில் தாஸிமையும் தம்பிராஜாவையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, காலுறையைக் கழற்றச் சொன்னாள்.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா," என்றான் தம்பிராஜா.

"அதைத்தான் பாக்க வேணும். கழற்றும்."

எல்லா எலும்பையும் அமத்திப் பார்த்தாள். எழுதினாள். டாக்டர் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார்.

கமிட்டி கூடாரத்துக்குள் கூடியது. கட்டுப்போடுகிற ஆளுக்கும் அங்கே ஒரு கதிரை உண்டு. எழுதுவினைஞர் வராததால் கடிதத்தை வாசிக்கிற வேலை முஹ்ஸினிடம் வந்தது. முதலாவதை இங்கிலீஷில் வாசித்தான். பிறகு விளங்காதவர்களுக்காகத் தமிழில் சொன்னான்.

"தாஸிமுக்குக் காலில பதினேழு பழைய தழும்பு. எல்லாம் நல்லா மாறியிருக்கு. எலும்பில பிழை இல்ல. மூச்சில பிழை இல்ல. ஆடலாம்."

நவரட்ணராஜா தொப்பியைக் கழற்றினார். "இது பிழையான கடிதம்."

"இன்னொண்டும் ஈக்கி சேர்," என்ற முஹ்ஸின் அவர் கை நீட்டும் முன்னே வாசிக்கத் தொடங்கினான். "தம்பிராஜா. மூணு வருஷம் ஹொக்கி விளையாடினவர் எண்டு சொல்றாங்க. ரெண்டு காலும் பாத்தது. தழும்பு இல்ல, வீக்கம் இல்ல, கன்றல் இல்ல. தேய்மானம் இல்ல. பாவிச்ச அடையாளமே இல்ல."

கூடாரத்தில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற தாஸிம் மட்டும் சிரிக்கவில்லை. தம்பிராஜா தன் காலைக் குனிந்து பார்த்தான்.

வெட்கப்படுகிற ஆள் என்றால் அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். நவரட்ணராஜா புரொக்டர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, தொடக்க ஆட்டக்காரர் சட்டத்தையே நீக்குகிறேன் என்றார். மைதானம் யாருடைய பெயரில் என்று கேட்டார். மட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டார். சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்றார். சிரித்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். முஹ்ஸின் தூக்கவில்லை. றீற்றாவும் தூக்கவில்லை. மற்றவர்களின் கைகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தக் கைகளிலும் பாவித்த அடையாளம் இல்லை.

"ஏன் நிக்கிறீர்?" என்று வெளியே வந்து தாஸிமைக் கேட்டாள். "உம்மட ஊரிலையும் ஒரு அணி இருக்குதெல்லோ?"

"எங்கட கிளப்புக்கு எதிரா நான் எப்பிடி மிஸி..."

"எங்கட கிளப்போ? அது அவற்றை அலுமாரிக்குள்ளை இருக்குது. போம்."

சொன்னவள் அவள்தான். அந்த ஆட்டத்தில் கிளப்புக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பிழைப்பையும் தன் வாயாலேயே எதிர்ப்பக்கத்துக்கு அனுப்புகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பதினேழு தழும்புக்காரனை ஒரு கோட்டுக்கு வெளியே இருத்திவைக்க அவளால் முடியவில்லை.

ஆட்டத்தன்று காலையில் பெய்த மழை விட்டிருந்தது. தாஸிம் கம்பளைச் சட்டையோடு வந்து நின்றான். நவரட்ணராஜா புதுப் படம் எடுப்பித்தார். படத்தில் தம்பிராஜா நடுவில், பந்து அவனுடைய காலடியில். ஆட்டத்தில் பந்து அவனுடைய காலடிக்கு வந்தது அந்தப் படத்தோடு சரி. முதல் பாதியில் கம்பளை மூன்று கோல். நடுவில் யாருமே நிற்கவில்லை என்கிற மாதிரித் தாஸிம் வந்தான், போனான், திரும்பி வந்தான். முஹ்ஸின் இரண்டு பந்தை வயிற்றால் மறித்தான்.

"சென்டர் ஹாப் எங்கே?" என்று கரையில் ஒருவன் கத்தினான்.

"தலை சீவப் போயிட்டாரு!" என்றான் இன்னொருவன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாஸிம் ஓங்கி ஒரு அடி அடித்தான். ஒதுங்கத் தவறினானோ, ஒதுங்காமல் நின்றானோ தெரியவில்லை, தம்பிராஜா பந்துக்கு முன்னால் இருந்தான். பந்து வெள்ளைக் காலுறையில் பட்டு வெளியே போனது. அந்த ஆட்டத்தில் ஏரிக்கரைக் கிளப் நடுவில் மறித்த ஒரே பந்து அது.

இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நவரட்ணராஜா குடையோடு ஓடி வந்தார். "முறிஞ்சு போச்சுதோ மிஸி? முறிஞ்சு போச்சுதோ?"

"தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது." அவள் அமத்திப் பார்த்தாள். கோழிமுட்டை அளவு வீக்கம். எலும்பு சுகம். அயடின் போத்தலைத் திறந்தாள்.

"எரியுமோ அக்கா?" என்றான் தம்பிராஜா.

"ஓம்," என்றாள். "மூண்டு வருஷம் பிந்தித்தான் விளையாடத் தொடங்கியிருக்கிறீர். எரியத்தானே வேணும்."

ஐந்துக்கு ஒன்றுமில்லை. லீக்கின் கடிதம் பத்து நாளில் வந்தது. தோல்விக்குக் காரணம் மழை, நடுவர், கம்பளையின் முரட்டுத்தனம் என்று நவரட்ணராஜா எல்லாரிடமும் சொன்னார். மைதானத்து அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் டென்னிஸ் கிளப் ஒன்றுக்குத் தலைவரானார். அதற்கும் ஒரு குழுப் படம் எடுத்தார். றீற்றாவைத் தேடி டிஸ்பென்சரிக்கும் வந்தார்.

"எங்கட புதுக் கிளப்புக்கும் நீங்கள்தான் வர வேணும் மிஸி."

"டெனிசிலை என்ன காயம் வரும்?"

"ஒரு காயமும் வராது. அதுதானே அதின்ரை விசேஷம்."

"அப்ப என்னை ஏன் கூப்பிடுறியள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னாள்.

சனிக்கிழமைப் பின்னேரங்கள் சும்மா வந்தன. முதல் கிழமை அவள் மருந்து அலுமாரியை ஒழுங்குபண்ணினாள். அடுத்த கிழமை ஒழுங்காக இருந்த அலுமாரியை மறுபடி ஒழுங்குபண்ணினாள். மடக்குக் கதிரையைக் கிளப்புக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த வருஷம், ஒரு திங்கட்கிழமைக் காலை, தாஸிம் புண் கட்டும் அறை வாசலில் வந்து நின்றான். அவளுடைய கண் வழக்கப்படி நேரே அவன் காலுக்குப் போனது. பழைய பதினேழுதான். புதிதாக ஒன்றும் இல்லை.

"சனிக்கிழமை விளையாடினனீரோ?"

"விளையாட்டு இருந்திச்சு மிஸி. நாலுக்கு ஒண்டு, தோத்துட்டம்."

"நீர் எங்கை நிண்டனீர்?"

தாஸிம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கரையில. எங்கட கம்பளைக் கிளப் முதலாளிட மருமகன் கொழும்பில இருந்து வந்தீக்கிறாரு. அவர்தான் இப்ப சென்டர் ஹாப்."

றீற்றா கையைத் துடைத்தாள்.

"ஆள் உயரமோ?"

"நல்ல உயரம் மிஸி."

"காலுறை?"

"வெள்ள."

அவள் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தாள். "சரி, இரும். காலுக்கு ஒண்டுமில்லையெண்டால் என்னத்துக்கு வந்தனீர்?"

"கடைல இரும்புத் தகடு கையக் கிழிச்சிட்டுது," என்று கையை நீட்டினான்.

ஆழமான கிழிவு. அயடினை எடுத்தாள். மைதானத்துக் காயத்துக்கெல்லாம் கத்துகிறவன் இந்த முறை கத்தவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.