பழக்கடையில் ஓடிய பாடம்

நாற்பதைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படி என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். வார நாட்களில் குற்றாலத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். சனிக்கிழமையானால் தென்காசியிலிருந்து பஸ் ஏறி, திருநெல்வேலியில் கல்வித் தொழில்நுட்ப ஆராய்ச்சி மாணவி. அண்மையில் வந்த ஆய்வுகளைப் படித்து, அவற்றை ஒட்டி என் ஊரில் ஒன்றைச் செய்து பார்த்து, பல்கலைக்கழக ஆய்வுக் குழு முன்னால் நின்று பேச வேண்டும். குழு ஒத்துக்கொண்டால் அடுத்த கட்டம். இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு.

ஒரு கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் அதைவிடப் புதிதாக ஒன்று வந்துவிடும். நான் வீடு பெருக்குகிற நேரத்தில் யாரோ எங்கேயோ உட்கார்ந்து என் தலைப்பிலேயே எழுதி முடித்துவிடுவார்கள் என்று பயம். தோசை வார்க்கும்போதுகூட அந்தப் பயம் போகாது.

சீசன் வந்தால் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் சாயங்காலம் அம்மாவோடு அருவிக்கரைக் கடையில் நிற்பார்கள். சாரல் விழுகிற அந்தச் சில மாதத்தில்தான் அவர்கள் வீட்டுக்கு வருமானம். வீட்டுப்பாடம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்காகச் சின்னச் சின்ன வீடியோ பாடங்கள் செய்து, அம்மாக்களின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அதுதான் என் ஆய்வு. வீடியோ முழுதாக ஓடினால் என் திரையில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே பச்சை விழும். பாதியில் நின்றால் சிவப்பு. பெற்றோர் கூட்டத்தில், "முழுசாப் பாக்கச் சொல்லுங்க. செவப்பா விழுந்தா நான் பெயிலாப் போயிருவேன்" என்று விளையாட்டாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பச்சை விழுந்தது. சீசன் சூடு பிடிக்கப் பிடிக்கப் பச்சையாகவே விழுந்துகொண்டிருந்தது. என் வழிகாட்டி மேடம் வரைபடத்தைப் பார்த்து, "இது போதும்மா, தைரியமா வாங்க" என்றார். தைரியம்தான் வரவில்லை.

குழு கூடுவதற்கு முந்தின நாள் மாலை, மதுரையிலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்தை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். சீசனில் தென்காசிக்காரர்களுக்கு உறவுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்கள் குளிக்கப் போக, நான் பைகளைச் சுமந்துகொண்டு கடைவரிசையில் நின்றேன். அருவி இரைச்சலுக்கு நடுவே எனக்குத் தெரிந்த குரல் ஒன்று கேட்டது. 'பின்னங்களைக் கூட்டும்போது முதலில் கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள்.' என் குரல்தான்.

ஒரு பழக்கடையில், மங்குஸ்தான் குவியலில் சாய்த்து வைத்த போனில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பார்க்க ஆளில்லை. என் மாணவி கூடைகளுக்குப் பின்னால் சாக்கில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா யாருக்கோ ரம்புட்டான் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்! நனையாம உள்ள வாங்க."

"பிள்ளை தூங்குதாளே. வீடியோவ யாரு பாக்கா?"

"பள்ளிக்கூடம் விட்டதுலருந்து நின்னா டீச்சர், இப்பத்தான் கண்ணசந்தா. அதுக்காவ நிப்பாட்ட முடியுமா? உங்களுக்குச் செவப்பு விழுந்துரும்லா." பிறகு பெருமையோடு குரலைத் தாழ்த்தினாள். "இந்த வரிசை பூரா சொல்லி வச்சிருக்கேன். நம்ம டீச்சர் இந்த வயசுல படிக்காவ, நம்மளால அவிய பெயிலாவக் கூடாதுன்னு. யாவாரம் எம்புட்டு இருந்தாலும் ஒருத்தியும் நிப்பாட்ட மாட்டா."

அடுத்த சிப்ஸ் கடையிலும் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. அத்தனை பச்சையில் எது பிள்ளை பார்த்தது, எது பழம் பார்த்தது?

மறுநாள் பஸ் பாவூர்சத்திரம் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தது. ஆலங்குளம் வந்ததும், சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தது. திருநெல்வேலியில் இறங்கியபோது எதுவுமே தோன்றவில்லை.

குழுவில் ஒருவர் என் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தார். "வேலை அதிகமா இருக்கிற சீசன்லதான் பிள்ளைங்க அதிகமா பாத்திருக்காங்க. ஆச்சரியமா இருக்கே" என்றார். அவர் மெச்சித்தான் சொன்னார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"பிள்ளைங்க பாக்கல சார். கடையில அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப நீங்க எதைத்தான் அளந்தீங்க?"

"தெரியல மேடம்."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அடுத்த சீசன்ல மறுபடியும் செய்யுங்க."

என் ஒரு வருடம் வீணாகப் போய்விட்டது. திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் அந்தக் கடைப்பக்கம் போனேன். இனிமேல் பிள்ளை பார்க்கும்போது மட்டும் ஓடவிட்டால் போதும் என்று பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தூரத்திலேயே என் மாணவியின் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், பாஸா?"

"இல்ல. அடுத்த சீசன்ல திரும்பச் செய்யணும்."

அவள் முகம் சுருங்கிப்போனது. ஒரு பையில் மங்குஸ்தான்களைப் பொறுக்கிப் போட்டு என் கையில் திணித்தாள்.

"மனச விட்டுராதீய டீச்சர். அடுத்த சீசனுக்கு எங்க வீட்டு ஆளு போனையும் வாங்கி வச்சிருதேன். ரெண்டுலயும் ஓடவிடுதேன்."