காலுறைக்குள் இருந்த கடிகாரம்

பிரபஞ்சத்தில் பெரும்பங்கு கரும்பொருள்தானாம், கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடுகிற வேலையே எங்கள் குடும்பத்தை நம்பித்தான் நடக்கிறது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். என் தம்பி மனைவி அதைத் தேடும் ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறாள்.

பழைய சுரங்கம். கூண்டு லிஃப்டில் ஒரு கிலோமீட்டர் இறங்க வேண்டும். கீழே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, அதன் நடுவே குளிர்ந்த திரவம் நிரம்பிய பாத்திரம். கரும்பொருளின் துகள் ஒன்று என்றாவது அதில் மோதி மினுக்கென்று ஒளி காட்டாதா என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். தூசியும் ஆகாது, ரேடான் என்ற வாயுவும் ஆகாது. இரண்டும் பொய் ஒளி காட்டிவிடும். எல்லோரும் குளித்து, வெள்ளை உடுப்பு மாட்டித்தான் உள்ளே போவார்கள்.

அதே சுரங்கத்தின் அடுத்த தட்டில்தான் பன்னிரண்டு வருடம் முன்பு பாறை சரிந்தது. உள்ளே வேலையிலிருந்த என் தம்பியை எடுக்க முடியவில்லை. சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள். அவள் இந்த வேலைக்குச் சேர்ந்ததே அந்தச் சுவருக்காகத்தான்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் முறை. அந்த இரண்டு நாள் மட்டும் அறையில் ரேடான் அளவு ஏறியது. ஆய்வுக்கூடத் தலைவர் மூன்று வாரம் குழாய் குழாயாகத் தட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"நீங்க வர்ற நாள்ல மட்டும் வாயு ஏறுதேம்மா?"

"என்னைப் பார்த்துக் கேக்கற கேள்வியா சார் இது? காலையில ரெண்டு ரொட்டிதான் தின்னேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கதிர்வீச்சைக் காட்டும் கைக்கருவியை அவள் தலையிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தார். கணுக்காலில் அது படபடவென்று பொரிந்தது. காலுறைக்குள் என் தம்பியின் கைக்கடிகாரம். எங்கள் அப்பா காலத்தது, இருட்டில் முள் ஒளிர ரேடியம் பூசியது. பட்டை அறுந்திருந்ததால் பாறை சரிந்த அன்று அதை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான்.

"இதுதாம்மா வாயு விடுது! எதுக்குக் கொண்டு வர்றீங்க?"

"அவர் கீழ இருக்கார் சார். மணி தெரிய வேணாமா? சுவர்கிட்ட காட்டிட்டுப் போவேன்."

தலைவர் கடிகாரத்தை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு, "இனி இது வந்தா நீங்க வர முடியாதும்மா" என்றார்.

கடிகாரமா, சுவரா? இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் கடிகாரத்தை என் மேசை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றோடு ரேடான் இறங்கிவிட்டது, எல்லாம் சுபம்.

இந்த வரியை எட்டிப் பார்த்து என் பேனாவைப் பிடித்துவிட்டாள்.

"இறங்குச்சுன்னு யார் அக்கா சொன்னா? கடிகாரம் உங்க மேசை மேல இருந்தும் செவ்வாயும் வெள்ளியும் வாயு இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. சார் இப்பல்லாம் என்னைச் சோதிக்கறதில்ல. அவரே சுவர்கிட்ட போய் மணி சொல்லிட்டு வர்றார்."