மீன் வண்டியில் வந்த புனித திவேல்

அசெனோர் குர்வில் கடவுளை நம்பாதவள். நம்பாததோடு நிறுத்திக்கொள்ளாமல் அதை வாரம் ஒருமுறை ஊரறியச் சொல்லிவிட்டுப் போகிறவள். துவார்னனே துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுப்பாள். வண்டியில் பனிக்கட்டி நிரப்பி, கடலோரச் சாலையில் நிறுத்தி நிறுத்தி விற்றபடி போய், பிறகு கடலை விட்டு உள்நிலத்தின் பக்கம் திரும்பி, அர்ரே குன்றுகள்வரை ஏறுவாள். கடைசி நிறுத்தம் லான்திவெல். அங்கே சனிக்கிழமை மாலைப் பூசை நடக்கும்போது கோயில் வாசலுக்கு நேர் எதிரே வண்டியைப் போட்டு ஹாரன் அடிப்பாள். உள்ளே முழங்காலில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு அயிலை தீர்ந்துவிடுமோ என்ற கவலை வந்துவிடும். நன்மை அப்பம் வாங்கிய கையோடு நண்டு வாங்க ஓடிவருவார்கள்.

அந்தக் கோயில்மேல் அவளுக்கு ஒரு பழைய கோபம் உண்டு. அவள் அம்மா கத்தெல் லான்திவெல்காரி. கல்யாணமாகாமல் வயிறு தள்ளியபோது, அந்தக் காலத்துப் பாதர் பிரசங்கத்திலேயே அவள் பெயரைச் சொல்லித் திட்டினார். கத்தெல் மறுநாளே பஸ் ஏறிக் கடற்கரைக்கு வந்து, மத்தி மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அப்பா யார் என்று அசெனோர் சிறு வயதில் கேட்டால், "அன்னைக்கு ஒரே மழை, முகம் சரியாத் தெரியல" என்பாள். வளர்ந்த பிறகு கேட்டபோதும் அதே பதில்தான். மழை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

அசெனோரும் அதே தொழிற்சாலைக்குப் போனாள். மேலாளரின் கால்சட்டையைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி, கன்வேயர் முழுக்க எல்லாப் பெண்களையும் பாட வைத்ததற்காக வெளியே அனுப்பப்பட்டாள். லோயிஸ் என்ற மீன்பிடிக்காரனைக் கட்டினாள். அவன் சில வருஷம் கழித்து பிரெஸ்த் நகரத்தில் முடி வெட்டுகிற ஒருத்தியோடு போய்விட்டான். "வண்டி, புருஷன், ரெண்டுல எது ஒழுங்கா ஓடுதுன்னு பார்த்தேன். வண்டியை வச்சுக்கிட்டேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வாள். அறுபது தாண்டிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, பாதர் தெயோஃபில் அவளைத் தேடித் துறைமுகத்துக்கே வந்தார். புர்க்கினா ஃபாசோவிலிருந்து வந்து, குன்றுப் பக்கத்துக் கோயில்களையெல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். நல்ல உயரம், நல்ல பருமன், நல்ல பசி. அவருடைய பழைய கார் ஒரு மேட்டில் ஏறும்போது உயிரை விட்டிருந்தது.

"அசெனோர், ஒரு உதவி வேணும். நாளைக்கு உங்க வண்டியில என்னை ஏத்திக்கணும்."

"ஏறுங்க சாமி. வாடை பிடிக்கும்னா பரவால்ல."

"நான் மட்டும் இல்ல. புனித திவேலும் வர்றார்."

லான்திவெலின் பாதுகாவலர் அவர். கல்தொட்டியில் கடல் கடந்து மிதந்து வந்தவர் என்று பேச்சு. ரோமாபுரியில் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. லான்திவெல்காரர்களும் சொல்லிக்கொண்டதில்லை. முழங்கால் வலியைத் தீர்ப்பார், பசுவுக்குப் பால் சுரக்க வைப்பார். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் மரச்சுரூபம். பூச்சி அரித்து மூக்குப் போனதால், செப்பனிட துவார்னனேயில் ஒரு சிற்பியிடம் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவிழா. முதல் நாள் மாலையே ஊர் எல்லையில் மேளதாளத்தோடு வரவேற்பு.

"என் வண்டியில மத்தி இருக்கும். உங்க ஆளு கோவிச்சுக்க மாட்டாரா?"

"இயேசுவோட முதல் சீடர்களே மீன்பிடிக்கிறவங்கதானே."

"தெரியும் சாமி. வேற வேலை கெடைச்சதும் வலையை அப்படியே போட்டுட்டு ஓடினவனுங்க. எங்க துறைமுகத்துல அந்த மாதிரி ஆளுங்களுக்கு வேற பேரு வச்சிருக்கோம்."

பாதர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதனால்தான் அவள் சம்மதித்தாள். இல்லாவிட்டால் சம்மதித்திருக்க மாட்டாள்.

மறுநாள் சிற்பியின் பட்டறையில் சுரூபத்தைப் பார்த்ததும் இருவரும் ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தார்கள். வண்ணம் பளிச்சென்று இருந்தது. புது மூக்கும் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அசெனோர் சிற்பியின் முகத்தைப் பார்த்தாள். சுரூபத்தைப் பார்த்தாள். மறுபடி சிற்பியைப் பார்த்தாள்.

"உங்க அப்பாவா இவரு?" என்று கேட்டாள்.

சிற்பிக்குப் புரியவில்லை. பாதர் அவசரமாக நன்றி சொல்லிச் சுரூபத்தின் தலைப்பக்கத்தைப் பிடித்தார்.

புனிதரைப் பழைய போர்வையில் சுற்றி, அயிலைப் பெட்டிக்கும் நண்டுப் பெட்டிக்கும் நடுவில் படுக்க வைத்தார்கள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. வண்டி கிளம்பியது.

"ஐந்து மணிக்கு அங்க இருக்கணும்" என்றார் பாதர்.

"இருப்போம், இருப்போம். ஆனா என் நிறுத்தம் ஒண்ணையும் விட மாட்டேன். திவேலுக்கு அவசரம்னா இறங்கி நடக்கட்டும்."

பான்த்ரே கடற்கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஈர மணலில் மேகம் தெரிந்தது. வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் வழக்கமான பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். முதலில் எட்டிப் பார்த்தவள் லெனா மர்சின். "ஐயையோ, யார்டி இது படுத்திருக்கிறது?"

"புனித திவேல். முழங்கால் ஸ்பெஷலிஸ்ட்."

லெனா சுற்றுமுற்றும் பார்த்தாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, வலது முழங்காலைச் சுரூபத்தின் தோளில் ஒரு தேய் தேய்த்தாள். பிறகு இடது முழங்காலை. அவ்வளவுதான், பின்னால் வரிசை நின்றுவிட்டது.

"தொடறவங்க மீன் வாங்கணும்" என்றாள் அசெனோர்.

"அசெனோர்! கோயில் சாமானை வச்சு வியாபாரமா?" பாதர் முன்சீட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"நீங்க உண்டியல் வைக்கிறீங்க. நான் தராசு வைக்கிறேன். இந்தாங்க, சும்மா நிக்காம அந்த நண்டைக் காகிதத்துல சுத்துங்க. பின்னாலேர்ந்து பிடிங்க, கடிச்சா நான் பொறுப்பில்ல."

பாதர் நண்டு சுற்றினார். இரண்டாவது நண்டு கடித்தபோது அவர் சொன்ன வார்த்தை அவருடைய சொந்த மொழியில் இருந்தது. அது ஜெபமில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அங்கிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு ஊர்ந்துதான் போனார்கள். புனிதர் வரும் செய்தி வண்டிக்கு முன்னால் ஓடியிருந்தது. மதில்களில் நீல ஹைட்ரேஞ்சியா பந்து பந்தாகப் பூத்துக் கிடந்தது. ஒரு பண்ணை வீட்டில் ஸ்ட்ராபெரி கொடுத்தார்கள். இன்னொன்றில், பால் வற்றிய பசுவை வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, புனிதரின் முகத்தை நக்கவிட்டார்கள். புது மூக்கின் வண்ணம் கொஞ்சம் போனது. "இப்பதான் பார்க்க மனுஷன் மாதிரி இருக்கான்" என்றாள் அசெனோர்.

ஷத்தோலானில் ஆற்றங்கரைக் கடை ஒன்றில் சாப்பாடு. பாதர் முட்டையும் தொத்திறைச்சியும் வைத்த தோசைபோல மடித்த கறுப்பு மாவுக் கலெட் ஒன்று சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. பிறகு உப்பு வெண்ணெயும் சர்க்கரையும் போட்ட மெல்லிய கிரெப். ஆப்பிள் கள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்கள்.

"நீங்க ஏன் பூசை நேரத்துல ஹாரன் அடிக்கிறீங்க?" பாதர் சாதாரணமாகக் கேட்டார்.

அவள் கத்தெலின் கதையைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாதர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்படின்னா இன்னும் சத்தமா அடிக்கலாமே" என்றார்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கடைக்காரியிடம் அவருக்கு இன்னொரு கிரெப் போடச் சொன்னாள்.

பிராஸ்பார் தாண்டி மேடு ஏறத் தொடங்கினார்கள். காற்றில் உப்பு போய்ப் பெரணி வாசம் வந்தது. ஓக் மரங்கள் இருபுறமும் கவிந்த ஒடுக்கமான சாலையில் திரும்பியபோது எதிரே ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. அதன்மேல் கூல்வென் அப்க்ரால் உட்கார்ந்திருந்தான். கெர்சுவார் ஊர்க்காரன். பன்றிப் பண்ணை வைத்திருப்பவன், கழுத்தே இல்லாத ஆள். கீழே அவன் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"மீன்காரி, சாமியை இறக்கு."

"எந்தச் சாமியை? ரெண்டு இருக்கு. ஒண்ணு பேசும், நிறையச் சாப்பிடும்."

"வெளையாடாத. திவேல் எங்க ஆளு. எங்க முப்பாட்டன் காலத்துல புரட்சி நடந்து கோயிலையெல்லாம் ஒடச்சப்போ, ஒளிச்சு வைக்கிறேன்னு லான்திவெல்காரனுங்க தூக்கிட்டுப் போனானுங்க. இன்னும் ஒளிச்சே வச்சிருக்கானுங்க."

பாதர் கதவைத் திறந்து இறங்கினார். "கூல்வென், நான் உங்க ஊருக்கும் பங்குச் சாமிதானே. என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்றது? வருஷத்துக்கு ஒரு தடவை வர்றீங்க, அதுவும் எவனாவது செத்தா. பஸ் நிக்காது. ரொட்டிக்காரன் நிக்க மாட்டான். இவகூட எங்க ஊரைப் பார்த்தா ஆக்ஸிலேட்டரை அழுத்துவா."

அது அசெனோருக்குச் சுருக்கென்றது. உண்மைதான். கெர்சுவாரில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். பெட்ரோலுக்குக் கட்டாது என்று இத்தனை வருஷமும் தாண்டிப் போயிருக்கிறாள். ஒதுக்கப்படுகிற வலி தனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

"நிறுத்தினா மீன் வாங்குவீங்களா?" என்றாள்.

கூல்வென் டிராக்டரிலிருந்து இறங்கினான். "மிச்சம் இருக்கிற எல்லாத்தையும்."

"சாமி, நீங்க என்ன சொல்றீங்க?"

பாதர் கடிகாரத்தைப் பார்த்தார். புனிதரைப் பார்த்தார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனா இது உங்க வண்டி" என்றார்.

கெர்சுவார் கோயிலில் பாதிக் கூரைதான் இருந்தது. மீதி இடத்தில் வானம். பலிபீடத்தின் மேல் திவேலை நிறுத்தினார்கள். வெளியே விறகு போட்டு அயிலையைச் சுட ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு பீப்பாய் உருட்டி வந்தார்கள். பாதர் சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, பெரிய மீனாக ஒன்று எடுத்துக்கொண்டார். அசெனோர் கையில் கத்தியோடு மீன் சுத்தம் செய்தபடி, மேலாளரின் கால்சட்டைப் பாட்டை இரண்டு கிழவிகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் புகையைப் பார்த்துத் தேடிக்கொண்டு கார்கள் வந்தன. லான்திவெல் எல்லையில் ஒரு மணி நேரம் காத்து நின்ற மொத்த வரவேற்புக் கூட்டமும் நாயனக்காரர்கள், தோல்பைக் குழல்காரர்கள், கொடிகளோடு வந்து இறங்கியது. முன்னால் திருவிழாக் கமிட்டித் தலைவி ஓடெத் கெர்மாரெக். ஓய்வு பெற்ற தபால் நிலைய அதிகாரி. முறைத்தாலே முத்திரை குத்தின மாதிரி இருக்கும்.

"திருட்டுப் பசங்களா! எங்க சாமி எங்கடா?"

உள்ளே போனாள். சுரூபத்தைப் பார்த்தாள். வெளியே வந்தாள்.

"இது எங்க திவேலே இல்ல! யாரோட மூக்கு இது?"

"அப்ப சரி" என்றான் கூல்வென். "உங்களோடது இல்லன்னா எங்ககிட்டயே இருக்கட்டும்."

ஓடெத் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். "எங்களோடதுதான். மூக்கு மட்டும் தப்பு."

கூட்டத்தில் முதலில் சிரித்தது பாதர்தான். பிறகு ஓடெத்தின் பின்னாலிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். நாயனக்காரர்களுக்கு நெடுநேரமாகத் தாகம். இரண்டு கிண்ணம் இறங்கியதும் ஊதத் தொடங்கினார்கள். ஊதினால் கால் சும்மா இருக்காது. சுண்டுவிரலைச் சுண்டுவிரலில் கோத்து, இரண்டு ஊரும் ஒரே வட்டமாக ஆடியது. ஓடெத்தின் சுண்டுவிரல் கூல்வெனிடம் மாட்டியிருந்தது. பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை. அப்புறம் அவள் பிடுங்கவும் பார்க்கவில்லை.

லான்திவெலிலிருந்து வந்தவர்களில் ஃபிலோமென் என்ற தொண்ணூறு வயதுக்காரி அசெனோரின் பக்கத்தில் வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். மீன் முள்ளைத் துப்பினாள்.

"உங்கம்மா கத்தெல் இவங்க எல்லாரையும்விட நல்லா ஆடுவா. அவ போன அன்னைக்கு நாங்க யாரும் பஸ் வரைக்கும்கூட வரல. பன்னிங்க நாங்க."

அசெனோரின் கத்தி நின்றது. "இத்தனை வருஷமா வாராவாரம் என்கிட்ட அயிலை வாங்கறே. இன்னைக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சா?"

"வெலை எப்ப கொறையும்னு பார்த்துட்டிருந்தேன்."

அசெனோர் அவளை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு வேறு எதுவோ சேர்ந்து வரப் பார்க்க, மீன் வாடைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதனால் கண் இன்னும் எரிந்தது.

மறுநாள் லான்திவெல் திருவிழாவில் திவேலைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ஒருவன் கெர்சுவாரில் ஆடிக் காலைச் சுளுக்கிக்கொண்டிருந்தான். புனிதர் அவனுக்கு எதுவும் செய்யவில்லை. அந்த இடத்தில் அசெனோர் தோள் கொடுத்தாள். கேட்டது ஓடெத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பவனி தெருவில் திரும்பியதுமே பூனைகள் வர ஆரம்பித்தன. ராத்திரி முழுக்க அயிலைப் புகையில் ஊறிய சுரூபம். மதில் மேலிருந்தும் களஞ்சியத்திலிருந்தும் இறங்கி வந்து, விசுவாசிகளுக்குப் பின்னால் அவையும் பவனி வந்தன. ஊரில் எத்தனை பூனைகள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

லான்திவெல் கோயிலுக்குள் அசெனோர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. பெரிய, இருட்டான, மிரட்டுகிற ஒரு இடத்தைத்தான் இத்தனை காலமும் மனதில் வைத்திருந்தாள். சுவரில் பாசி. பிரசங்க மேடை அவள் வண்டி உயரம்கூட இல்லை. இந்தச் சின்ன அறைக்குப் பயந்தா அம்மா ஊரை விட்டுப் போனாள் என்று நினைத்தபோது, கோபம் பழைய இடத்தில் இல்லை. அங்கே வெறும் வருத்தம்தான் இருந்தது. பூசை பாதியில் எழுந்து வெளியே போய்ப் புகை பிடித்தாள்.

அதன் பிறகும் அவள் கடவுளை நம்பவில்லை. கெர்சுவாரில் மட்டும் நிறுத்த ஆரம்பித்தாள். கூல்வென் எப்போதும் தேவைக்கு அதிகமாக வாங்குவான். பாதிப் பார்சல் ஓடெத்தின் வீட்டுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இலையுதிர் காலத்தில் பிஷப் பாதர் தெயோஃபிலைத் தன் பக்கத்திலேயே, கம்பேர் நகரத்துக்கு மாற்றினார். கெர்சுவார் விருந்து பற்றி யாரோ பிஷப்புக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அவரைக் கொண்டுபோய் விட அசெனோர்தான் காலையில் வந்தாள். நேர்ச் சாலையில் போனால் ஒரு மணி நேரம். அவள் எதிர்ப்பக்கம் திரும்பி, கடலைப் பார்க்க வண்டியை விட்டாள். பாதர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டார்.

"மத்தியானம் எங்க சாப்பாடு?" என்றார் சிறிது தூரம் போனதும்.

"பசிக்குதா அதுக்குள்ள?"

"இல்ல. தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்."

அவர்கள் கம்பேர் போய்ச் சேர்ந்தபோது பிஷப் வீட்டில் விளக்கு போட்டிருந்தார்கள்.