அத்தானை மடக்கிய டெலிக்கா

நியூ ஜேர்சியிலிருந்து எல்லை கடந்து வடக்கே எங்களிடம் வந்திருக்கும் அத்தானுக்கு அமெரிக்காவில்தான் பெற்றோல் மலிவு, அங்கேதான் எல்லாமே கிடைக்கும்.

இன்று மில்லிக்கன் பிளாசாவில் கொத்து ரொட்டி வாங்கப் போனோம். வாசலில் ஒரு ஜப்பான் டெலிக்கா வான், வலப்பக்க ஸ்டியரிங்கோடு, என்ன ஒரு கம்பீரம்!

அத்தான் கொத்தை மறந்தார். "உது எங்கட பக்கம் புதுசா வித்ததே இல்லை. வெளியிலையிருந்து இறக்கிறதெண்டாலும் இருபத்தைஞ்சு வருசம் பழசாயிருக்கவேணும்."

"இங்கை பதினைஞ்சு வருசமே காணும்," என்றார் பார்சலோடு வந்த வான்காரர். "ஏறி ஓடிப் பாருங்கோ."

அத்தான் பாய்ந்து இடப்பக்கம் ஏறி, பெல்ற்றும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைத் தேடினார்.

வான்காரர் சிரிக்கவில்லை. "நானும் இடைக்கிடை அப்பிடித்தான் ஏறுறனான்."

வீடு வரும்வரை அத்தான் பெற்றோல் விலையைப் பற்றி மூச்சே விடவில்லை.

அங்கே விற்காத வண்டி வேறென்ன இங்கே ஓடுகிறது? கெதியாய்ச் சொல்லுங்கள், அத்தான் ஞாயிறுவரை நிற்பார்.