பத்து நிமிஷத்தில் சாகிறவரின் குரல்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் எனக்கு வேலை. வார லீவு நாளில் மட்டும் நான் அமெரிக்காக்காரன். ரயில் பிடித்துச் சென்னை போய், பழைய கௌபாய் டிவி தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துவிட்டு வருவேன்.

டப்பிங்கில் ஒரு முகத்துக்கு ஒரே குரல்தான். எனக்கு வாய்த்தது ஒரு துணை நடிகரின் முகம். ஒரு தொடரில் முடி வெட்டுபவர், இன்னொன்றில் பேங்க் கிளார்க், அடுத்ததில் குதிரைத் திருடன். எந்த வேஷத்தில் வந்தாலும் பத்து நிமிஷத்தில் மனிதர் காலி. ஆலை இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. குண்டடி பட்டு அலற என்னை விட்டால் ஆளில்லை. தொடருக்குத் தொடர் அவருக்கு வழுக்கை ஏறியதே தவிர, வேஷம் பெரிதாகவில்லை. எனக்கே பாவமாக இருக்கும்.

என் மனைவிக்கோ எரிச்சல். "வாரத்துல ஒரு நாளுதான் ஊட்ல கீற. அன்னிக்கும் எவனுக்கோ சாவறதுக்குப் போய்க்கினு கீறியே!" என்றாள். நியாயம்தான். பொங்கலுக்குள் ஒரு எபிசோடு முழுக்க வரும் வேஷம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்கழிக் கடைசியில் டப்பிங் இயக்குநர் போன் செய்தார். "சார், இந்த எபிசோடுல உங்க ஆளுதான் ஹீரோ. கடைசி சீன் வரைக்கும் உயிரோட இருக்காரு." எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூடியோவில் ஓட்டிப் பார்த்தால், பண்ணையில் தனியாக வாழும் வாய் பேசாத மனிதர் வேஷம். ஒரு வசனம்கூடக் கிடையாது.

"மூச்சு, இருமல், முனகல் எல்லாம் நீங்கதான் குடுக்கணும்" என்றார் இயக்குநர். கத்த மட்டுமே தெரிந்த நான் அன்று முழுக்க மைக் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒளிபரப்பு அன்று மனைவி பக்கத்தில் உட்காரவே பயமாக இருந்தது. டிவியில் அவர் பண்ணை வேலை முடிந்து வந்து, தொப்பியைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"இது நீதான? ஷிப்ட் முடிஞ்சி வந்தா இப்டித்தான் வுடுவ."

தலையாட்டினேன். அவள் மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டப்பிங் போயி வர்ற அன்னிக்கு மட்டும் நீ இப்டி மூச்சு வுட்டு நான் பாத்ததே இல்ல. வுட்றாத, போயிட்டு வா."