கண்ணைத் திறந்து வச்ச ஜெபம்

ராணியோட கொண்டையைப் பிடிச்சு நான் பின்னால இழுத்ததும் அவ ஸ்டூலோட கவுந்தா. அதே நேரம் பிரஸ் இறங்கிச்சு. விரல் தப்பிச்சது. முந்தானை நுனி மட்டும் டைக்குள்ள, அந்த வெட்டு அச்சுக்குள்ள, மாட்டி வட்டமா வெட்டுப்பட்டுது.

இது 1991-ல, ஒரகடம் பக்கம் ஒரு சின்ன பிரஸ் கம்பெனியில நடந்தது. தகடு வெட்டி வாஷர் போடுற வேலை. தகட்டை டை மேல வைக்கணும், கையை எடுக்கணும், அப்புறம்தான் பெடலை மிதிக்கணும். பொம்பளைங்களுக்கு இந்த மெஷின் சரிப்படாதுன்னு சொன்ன காலத்துலேயே அதுல உட்கார்ந்தவ நான். வேலையில என்னை ஒருத்தரும் ஒரு சொல்லு சொன்னதில்லை.

ராணி எங்க சபையில புதுசா ஞானஸ்நானம் எடுத்தவ. புருஷன் கல்குவாரியில இடுப்பு ஒடைஞ்சு படுத்துட்டான். நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்து விட்டேன். ராத்திரி முழங்கால் போட்டா அப்படியே தூங்கிப் போறேன், இது பாவமான்னு ஒரு நாள் கேட்டா. எனக்கும் அதே கதைதான். விடியறதுக்கு முன்னாடி தண்ணி புடிச்சு, சோறாக்கி, மணிமங்கலத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து, ஷிப்ட் முடிஞ்சு வூட்டுக்குப் போனா ஒடம்புல ஒண்ணும் மிஞ்சாது. அதனால நான் மெஷினுலேயே ஜெபம் பண்ணிக்குவேன். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு வார்த்தை ஆண்டவரோட பேசுவேன். நீயும் அப்படிச் செய்யின்னேன்.

அவளும் செஞ்சா. ஆனா கோயில்ல பழகின மாதிரியே, மெஷின்ல மாட்டாம இருக்க கம்பெனி கோட்டுக்குள்ள சொருகின முந்தானையை உருவி முக்காடு போட்டுக்கினு கண்ணை மூடிட்டா. கால் பழக்கத்துல பெடலை மிதிச்சுடுச்சு.

சூப்பர்வைசர் நடராஜன் சார் ஓடி வந்து மோட்டாரை நிறுத்தினாரு. "இன்னாம்மா, இது கம்பெனியா கோயிலா? இவளை வூட்டுக்கு அனுப்பு. இனிமே இங்க எவளும் கும்பிடக் கூடாது."

ராணி அழக்கூட இல்லை. அவ வூட்டுக்குப் போனா அடுப்பு எரியாது. நான்தான் முன்னால வந்தேன்.

"கும்பிடறது நிக்காது சார். கண்ணு மூடறது நிக்கும்."

அவரு டையில கிடந்த முந்தானைத் துண்டை எடுத்துத் தூரப் போட்டாரு. ஒரு வாரம் பேக்கிங்ல இருக்கட்டும், அப்புறம் நானே நின்னு பார்க்கிறேன்னாரு. போறப்ப, புரொடக்‌ஷன் கொறையக் கூடாதுன்னும் உங்க சாமியாண்ட சொல்லி வைன்னு ஒரு குத்தல் பேச்சு.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்துல ராணிக்கு ஒரே கவலை. கண்ணைத் திறந்து வச்சா ஆண்டவருக்கு மரியாதை இல்லையேக்கான்னா.

"இயேசு மீன் புடிக்கிறவங்களைத்தானடி சீஷரா கூப்பிட்டாரு? கண்ணை மூடிக்கினா கடல்ல வலை போட்டாங்க?"

திரும்ப மெஷினுக்கு வந்த அன்னைக்கு, சார் காலையிலேர்ந்து அவ பக்கத்துலேயே நின்னு அவ கண்ணைப் பார்த்தாரு. அவ டையை விட்டுப் பார்வையை எடுக்கலை. மத்தியானம் அடுத்த வரிசையைப் பார்க்கப் போயிட்டாரு. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கறப்பதான் ராணி வாய் திறந்தா.

"அக்கா, 'ஆண்டவரே, கை. ஆண்டவரே, கை.' இதுக்கு மேல ஒண்ணும் வரலைக்கா. இது ஜெபமா?"

"எனக்கும் மத்தியானத்துக்கு மேல அதுதான்டி வரும்," ன்னு சொன்னேன்.

வேலைக்குப் போற பொண்ணுங்களுக்குச் சொல்றேன். தெம்பு வந்ததும் நல்லா ஜெபிக்கலாம்னு காத்திருக்காதீங்க. அந்தத் தெம்பு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வரலை. ராணியும் நானும் பத்து விரலோட அந்தக் கம்பெனியை விட்டு வந்தோம். எல்லாரும் அப்படி வரலை. விரல் போனவங்களும் வேண்டிக்கினவங்கதான். ஜெபத்தை விடாதீங்க. அதுக்காக மெஷினாண்ட கண்ணையும் மூடாதீங்க.