இலை முடிச்சு

சீ! இன்று காலை மாத்தளையில் முடிவெட்டப் போனேன். சலூன்காரத் தம்பி ஏலக்காய்த் தேநீர் தந்து, கைபேசியையும் நீட்டினார். "பாருங்கண்ணே, வெளிநாட்டுல இத வீட்டுக்குள்ள வளக்கிறாங்க." கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னப் பச்சைப் பிராணி; மூக்கு நுனியில் இலை போல ஒரு சதை. ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் 'சீ' பிராணியைப் பார்த்து அல்ல, என்னை நினைத்து.

பல வருடங்களுக்கு முன் நான் மலைக்காட்டு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெயர்தான் பெரிது, வேலை, அட்டைக்குப் பயந்து காலில் சோப்பு பூசிக்கொண்டு ஆட்களின் பின்னால் நடப்பது. ஏலம் பறிப்பவர்களுக்கு இந்தப் பிராணி என்றால் குலைநடுக்கம். பாசி பிடித்த மரத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும். அரணை என்றே நினைத்தார்கள். அரணை கடித்தால் மரணமாயிற்றே! உண்மையில் அது அரணையே இல்லை, பரம சாதுவான ஓணான் வகை. அடிக்கவும் பயந்து, கண்டவர்கள் பக்கத்து ஏலச்செடியின் இலையை முடிந்துவைப்பார்கள். பிறகு யாரும் அங்கே கைவைக்க மாட்டார்கள். பறிக்க வரும் ராசாத்தியக்கா ஒருநாள் என் கையையே தட்டிவிட்டார்: "முடிச்சு தெரியலையா ஐயா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

கேமராவோடு ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். ஆராய்ச்சியாம். இரண்டு நாள் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. என் அரைகுறை இங்கிலீசைக் காட்ட ஆள் கிடைத்தால் விடுவேனா? முடிச்சின் கதையை அவிழ்த்துவிட்டேன். முடிச்சு முடிச்சாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். "வெரி குட்" என்று தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று படம் மட்டும் எடுத்தார். மறுநாள் துணிப்பைகளோடு தனியாகப் போனார். அதற்கு மறுநாள் ஆளையே காணோம்.

ராசாத்தியக்கா நேரே என்னிடம் வந்தார். "முடிச்செல்லாம் அப்படியே இருக்கு. ஒரு மரத்துலயும் அது இல்லீங்க. அந்தாளுகிட்ட என்னா சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றேன். த்தூ! காட்டிக்கொடுத்ததைவிட அந்தப் பொய்தான் இன்னும் நாறுகிறது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ராசாத்தியக்கா இப்போது இல்லை. மகள் பறிக்கிறாள், எங்கேயும் பார்க்காமல் கையை விட்டு. ஓர் இலையிலும் முடிச்சு இல்லை.

"இப்பல்லாம் இலைய முடியிறதில்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

"சும்மாதான் கேட்டேன்" என்றேன், அன்றைக்கு அந்த ஆளிடம் அத்தனையும் அளந்த அதே வாயால்.